உப்புக் காற்றில் ஒரு சர்வர்

குயிலாப்பாளையம் கடைத்தெருவிலிருந்து பிரியும் செம்மண் பாதையில், முந்திரி மரங்களுக்கு நடுவே நண்பர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. இன்வெர்ட்டர், யுபிஎஸ், கம்ப்யூட்டர் என்று எது படுத்தாலும் சுற்றுவட்டாரத்தில் அங்கேதான் கொண்டுவருவார்கள். போன மாதம் நான் போனபோது மேசையில் ஒரு பழைய சர்வர் கிடந்தது. ஏதோ ஓர் அலுவலகம் பத்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துப் போட்டது. முக்கால் மீட்டர் நீளத் தகரப் பெட்டி. உயரம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

நண்பர் மூடியை நகர்த்தி எடுத்தார். முன்பக்கம் ஹார்ட் டிஸ்குகள். அதற்குப் பின்னால், பெட்டியின் முழு அகலத்துக்கும் ஃபேன்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றையும் திருகாணி இல்லாமல் விரலால் அழுத்தித் தூக்கிவிடலாம். ஒன்று பழுதானால் சர்வரை நிறுத்தாமலே மாற்றுவதற்காக அப்படி. ஃபேன்களைத் தாண்டினால் இரண்டு சில்லுகள், அவற்றின் தலைமேல் தகடு தகடாக ஹீட் சிங்க். சில்லுகளுக்கு இருபுறமும் மெமரிக் குச்சிகள், ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு விளக்கு. எந்தக் குச்சி கெட்டதோ அதன் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். பார்க்கப் பார்க்க மரியாதை கூடுகிற வேலைப்பாடு.

மதர்போர்டின் ஓரத்தில், ஃபேன் காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில், பச்சையாகப் பூத்திருந்தது. நண்பர் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார், மாவாக உதிர்ந்தது. மரக்காணத்து உப்பளங்களில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை புதிதல்ல. செம்பு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் வருவது அது.

சர்வர்களின் தலைமுறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தைத்தான் எழுதுவார்கள். இத்தனை கோர், இத்தனை டெராபைட், போன தலைமுறையைவிட இத்தனை மடங்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் அறுபது ஆண்டுகளாக எல்லாத் தலைமுறைகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது: இத்தனை சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இந்தக் கடற்கரையில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இங்கே சூட்டைத் தூக்கிப் போக வருகிற காற்றே உப்பைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டுப் போகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. லெனோவோ நிறுவனம் தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்களும், 2,400 ஜிபியு சர்வர்களும் தயாரிக்கப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. குயிலாப்பாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணியில் புதுச்சேரி. உலகின் மிகச் சூடான கணினிகளில் ஒரு பகுதி நம் வாசலில் உருவாகப் போகிறது.

வாடகை இயந்திரங்களின் காலம்

இந்தக் கரைக்குக் கணினி புதிதல்ல. குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவில் வளாகத்தில் 1980களிலேயே ஆரெலெக் என்ற பெயரில் கம்ப்யூட்டர் தயாரித்தார்கள். மடிக்கணினி என்ற சொல்லே தமிழுக்கு வராத காலம் அது. அந்த இடத்துக்கு இன்றும் ஆரெலெக் என்றுதான் பெயர்.

நாட்டின் கதை இன்னும் முன்னே போகிறது. 1961இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தில் ஐபிஎம் 1401 வந்து இறங்கியது. அலுவலகக் கணக்கு வேலைக்கு இந்தியாவில் வந்த முதல் வரிசைக் கணினிகளில் ஒன்று அது. அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரையைத் தட்டுத்தடுமாறித்தான் அதற்குள் அடக்க முடியும். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சம்பளக் கணக்கை அது போட்டுத் தந்தது. ஐபிஎம் அதை விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. வெளிநாடுகளில் ஓடித் தேய்ந்த 1401கள் இங்கே வந்து, புதுப்பிக்கப்பட்டு, மறுபடி வாடகைக்குப் போயின. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அதைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அங்கே ஒரு தலைமுறை முடிந்த இடத்தில் நமக்குத் தொடங்கியது.

1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது, மேற்கு ஜெர்மனியின் உதவியால். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த மாணவர்கள் இன்று தாத்தாக்கள். அந்த அறையின் குளிரை அவர்கள் இன்றும் சொல்வார்கள். சென்னையில் விடுதி அறைகளில் விசிறியே பெரிய விஷயமாக இருந்த நாளில், கணினிக்குத் தனி ஏசி.

1978இல் ஐபிஎம் இந்தியாவைவிட்டுப் போனது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ள அது சம்மதிக்கவில்லை. அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. உதிரி பாகம் தர ஆளில்லாமல், வரைபடத்தை வைத்துக்கொண்டு சால்டரிங் அயனோடு இரவெல்லாம் உட்கார்ந்து, அந்தப் பொறியாளர்கள் இயந்திரங்களை ஓட்டிக் காட்டினார்கள். அதே சிஎம்சிதான் பின்னால் ரயில்வே முன்பதிவுக்கு மென்பொருள் எழுதியது. 1985இல் டெல்லியில் தொடங்கிய அந்தத் திட்டம் டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடியது. 1999இல் சென்னை உட்பட ஐந்து மையங்களும் இணைந்து, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்று ஆனது. அடியில் இயந்திரங்கள் வாக்ஸிலிருந்து ஆல்ஃபா, அதிலிருந்து இட்டேனியம் என்று மாறிக்கொண்டே வந்தன. வரிசையில் நின்ற நமக்கு அது தெரியவே இல்லை. சர்வர் தலைமுறை மாற்றம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் போனது, காற்று வந்தது

அந்தப் பெரிய மெயின்ஃபிரேம்களில் தண்ணீர் ஓடியது என்பது பலருக்குத் தெரியாது. 1980இல் வந்த ஐபிஎம் 3081இல், உள்ளங்கையளவு பீங்கான் பலகையில் நூற்றுச் சொச்சம் சில்லுகள். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த சின்ன பிஸ்டன் அழுத்தி நிற்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு. பிஸ்டன் இழுத்த சூட்டைக் குளிர்ந்த நீர் கொண்டுபோகும். கம்ப்யூட்டர் அறைக்கு பிளம்பர் வந்துபோன காலம் அது.

அந்தத் தண்ணீரை விரட்டியது சிமாஸ் என்ற சில்லு முறை. மின்சாரம் மிகக் குறைவாகத் தின்னும் அந்தச் சில்லுகளுக்கு 1990களின் நடுவில் மெயின்ஃபிரேமும் மாறியது. குழாய்கள் கழற்றப்பட்டன, ஃபேன் போதும் என்றானது. அதே நேரம் கீழிருந்து வேறொரு வம்சம் வளர்ந்தது. மேசைக் கம்ப்யூட்டரின் சில்லையே வைத்து 1989இல் காம்பேக் நிறுவனம் சிஸ்டம்புரோ என்ற சர்வரை விற்றது. மெயின்ஃபிரேம்காரர்கள் அதைப் பொம்மையாகப் பார்த்தார்கள். பத்தே ஆண்டுகளில் அந்தப் பொம்மைகள் 19 அங்குல ரேக்குகளில் தட்டு தட்டாக ஏறி உட்கார்ந்துவிட்டன. (அந்த 19 அங்குலம் கணினிக்காக வந்த அளவே அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ரிலேக்களை மாட்டிவைக்க நூறாண்டுக்கு முன் வந்த சட்டகம். மற்ற எல்லாம் மாறியும் அது மாறவில்லை.)

புதுச்சேரியின் பெயர் இங்கேதான் நுழைகிறது. வரிச் சலுகைகளை நம்பி எச்சிஎல், விப்ரோ, ஏசர், ஐபிஎம் எனக் கணினி ஆலைகள் இங்கே வரிசையாக வந்தன. திண்டிவனம், வானூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவை முதல் வேலை தந்தன. வரி முறை மாறியபோதும், வியாபாரம் மாறியபோதும் சில ஆலைகள் மூடின. விப்ரோ 2013இல் கணினித் தயாரிப்பையே நிறுத்தியது. ஐபிஎம் தன் பிசி தொழிலை 2005இலும், எக்ஸ்86 சர்வர் தொழிலை 2014இலும் லெனோவோவிடம் விற்றது.

பாகங்களைப் பூட்டுகிற வேலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இருக்கிறது. ஏன் அப்படிப் பூட்டுகிறோம் என்ற அறிவு வேறெங்கோ இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

நான்கு பெட்டிகள்

ஒரே ஒரு சர்வர் வம்சத்தை எடுத்துக்கொள்வோம். லெனோவோவின் எஸ்ஆர்650. நான் மேசையில் பார்த்த மாதிரியான அதே இரண்டு தட்டு உயரப் பெட்டி. 2017இல் வந்த முதல் தலைமுறையில் ஒரு சில்லுக்கு 28 கோர். அதிகபட்சம் 205 வாட். 2021இல் வந்த வி2இல் 40 கோர், 270 வாட். 2023இன் வி3இல் 60 கோர், 350 வாட். மெமரி 8 டெராபைட் வரை ஏற்றலாம். 2025இன் வி4இல் சின்னக் கோர்களாக வாங்கினால் ஒரு சில்லில் 144.

பெட்டியின் உயரம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே தகரத்துக்குள் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது தின்னும் மின்சாரம் எட்டு மடங்காகும். இயற்பியல் விதி அது, பேரம் பேச முடியாது. ஒரு கட்டத்துக்குமேல் கணக்குப் போடுகிற மின்சாரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு விசிறுகிற மின்சாரமும் ஏறும்.

இதெல்லாம் சாதாரண சர்வர். ஏஐ சர்வரில் கதையே வேறு. என்விடியாவின் 2017ஆம் ஆண்டு வி100 ஜிபியு 300 வாட். 2020இன் ஏ100, 400 வாட். 2022இன் எச்100, 700 வாட். 2024இல் அறிவித்த பி200, 1,000 வாட். எட்டு எச்100களை வைத்த ஒரு டிஜிஎக்ஸ் பெட்டி முழுமூச்சில் ஓடும்போது 10.2 கிலோவாட் இழுக்கும். வீட்டு இண்டக்ஷன் அடுப்பு ஐந்தை ஒரே பெட்டிக்குள் முழுச் சூட்டில் வைத்தது போல. அதுவும் இரவு பகலாக, வருஷம் முழுக்க.

உப்பளமும் சர்வர் அறையும்

மரக்காணத்தில் பாத்தி கட்டுகிறவர்கள் வேண்டுவது மூன்று: நல்ல வெயில், நல்ல காற்று, மழையில்லாத நாள். தண்ணீரை வானத்துக்கு அனுப்பிவிட்டு உப்பைத் தரையில் நிறுத்துவது அவர்கள் தொழில். அந்த வெயிலும் காற்றும் சர்வருக்கு ஆகாது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விடுவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் 75ஐத் தாண்டாத நாள் அபூர்வம். மதர்போர்டின் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே படிந்த உப்புத் துகள் ஒன்று நீர்விட்டால், மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். முதலில் எப்போதாவது ஒரு பிழை. பிறகு காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட். கடைசியில் ஒருநாள் எழுந்திருக்காது.

2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. உலகம் முழுக்கச் சால்டர் மாறியது. உடல்நலத்துக்கு நல்ல முடிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய ஈயப் பூச்சுக்குப் பதிலாகச் செம்பின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்த பலகைகள், கந்தகம் கலந்த நகரக் காற்றில் அரித்துப்போயின. இந்தியா, சீனா போன்ற நாடுகளிலிருந்து புகார்கள் குவிந்த பிறகு, தரவு மைய வழிகாட்டிகளை எழுதும் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே இதற்கென்றே ஒரு அறிக்கை வெளியிட்டது. சோதனை எளிது. சர்வர் அறையில் ஒரு செம்புத் துண்டையும் ஒரு வெள்ளித் துண்டையும் ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். செம்பில் படியும் அரிப்பு 300 ஆங்ஸ்ட்ராமுக்கும், வெள்ளியில் 200க்கும் குறைவாக இருந்தால் அந்த அறையில் சர்வர் வைக்கலாம். 300 ஆங்ஸ்ட்ராம் என்பது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சன்னமான விஷயத்தில் அடங்கியிருக்கிறது ஒரு வங்கியின் கணக்கு.

குளிர்நாடுகளில் வெளிக்காற்றை வடிகட்டி நேரே உள்ளே விட்டு ஏசி செலவை மிச்சப்படுத்துகிறார்கள். ஓரிகன் மாநிலத்துப் பிரைன்வில்லில் ஃபேஸ்புக் 2011இல் திறந்த தரவு மையம் அப்படிப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அதைச் செய்ய முடியாது. ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, உள்காற்றையே சுழற்ற வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இதே கரையில்தான் ஏறின. இரண்டின்போதும் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாள்களை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

மறுபடியும் தண்ணீர்

ஆனால் சூட்டின் கணக்கு இப்போது தண்ணீரைத் திரும்ப அழைத்திருக்கிறது. ஒரே கன அளவில் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். 2012இல் முனிச் அருகே லைப்னிட்ஸ் மையத்தில் ஐபிஎம் அமைத்த சூப்பர்மக் என்ற கணினியில், சில்லின்மேல் செம்புத் தகடு, தகட்டுக்குள் தண்ணீர் என்று ஏற்பாடு. ஆச்சரியம் என்னவென்றால் அது குளிர்ந்த நீர் அல்ல, வெதுவெதுப்பான நீர். சில்லு 70, 80 டிகிரியைத் தாங்கும் என்பதால் 40 டிகிரித் தண்ணீரும் அதற்குக் குளிர்ச்சிதான். அந்தக் கணினியைவிட்டு வெளியேறிய சூட்டில் கட்டடத்தையே கதகதப்பாக்கினார்கள். அந்தத் தொழில்நுட்பமும் சர்வர் தொழிலோடு சேர்ந்து லெனோவோவுக்குப் போய், நெப்டியூன் என்ற பெயரில் வளர்ந்தது. 45 டிகிரித் தண்ணீரை உள்ளே விட்டே அதை ஓட்டலாம்.

இந்த 45 என்ற எண் ஜெர்மனிக்காரர்களைவிட நமக்குத்தான் முக்கியம். கத்தரி வெயிலில் புதுச்சேரியின் வெளிக்காற்று 40ஐத் தொடும். சர்வரிலிருந்து 50 டிகிரிக்குமேல் சூடாகி வெளியே வரும் தண்ணீரை 45க்கு இறக்க அந்த 40 டிகிரிக் காற்றே போதும். ஒரு ரேடியேட்டர், ஒரு விசிறி. குளிரூட்டும் கம்ப்ரஸருக்கு அங்கே வேலையில்லை. மூடிய குழாய்க்குள் அதே தண்ணீர் சுற்றிச்சுற்றி வருவதால் ஆவியாகி வீணாவதில்லை. கடல்நீர் உள்ளே ஏறி, கிணறுகள் உப்புக் கரிக்கும் நம் பகுதிக்கு இது சின்ன விஷயமல்ல. சூட்டில் பெரும்பங்கைத் தண்ணீர் எடுத்துக்கொண்டால் பெட்டிக்குள் இழுக்க வேண்டிய காற்றும் குறையும். காற்று குறைந்தால் உப்பும் குறையும்.

இத்தனை தலைமுறைச் சர்வர்களில் இந்தக் கரையின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தி வருவது இந்தத் தலைமுறைதான் என்பது என் முடிவு. தண்ணீர்க் குளிர்ச்சியிலும் குறைகள் உண்டு. கசிந்தால் ஆபத்து. டிஸ்க், பவர் சப்ளை போன்றவற்றின் சூடு இன்னும் காற்றில்தான் போகிறது. குழாய், வால்வு, பம்ப் இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் இங்கே இல்லாமல் இல்லை. பைக் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுகிறவர், படகு இன்ஜினுக்குத் தண்ணீர் ஓட்டம் சரிபார்க்கிறவர், உப்பளத்துப் பம்பைத் துருவிலிருந்து காப்பாற்றத் தெரிந்தவர் எல்லாரும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சர்வரைத் திறந்து காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஐடி வன்பொருள் தயாரிப்புக்கு ஊக்கத்தொகையாக மத்திய அரசு 2023இல் 17,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் இலக்கு ஆலைகள். ஆலை வரட்டும், வேலை வரட்டும். ஆனால் சிஎம்சி பொறியாளர்கள் கற்றது ஆலையில் அல்ல. கெட்டுப்போன இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கற்றார்கள். புதுச்சேரியில் பூட்டும் சர்வரை இந்தக் கரையின் காற்றிலேயே வைத்துச் சோதிக்க ஓர் ஆய்வறை வேண்டும். ஒரு செம்புத் துண்டும் வெள்ளித் துண்டும் மரக்காணத்தில் மாதாமாதம் தொங்க வேண்டும். அதை அளந்து எழுதிவைப்பது ஒரு பாலிடெக்னிக் மாணவியால் முடிகிற காரியம்.

நண்பரின் மேசையில் கிடந்த சர்வர் கதைக்கு வருகிறேன். போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, ஒரு நாள் காயவைத்து, வேறொரு பெட்டியில் இருந்து எடுத்த பவர் சப்ளையை மாட்டினார். இரண்டாவது முயற்சியில் ஃபேன்கள் அத்தனையும் ஒரே குரலில் எழும்பின. பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மெமரியில் ஒரு குச்சிக்குக் கீழே மட்டும் அந்தக் கடுகு விளக்கு எரிந்தது. அதைக் கழற்றியதும் அணைந்தது. இப்போது அதில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் லினக்ஸ் ஏற்றிப் பழகுகிறார்கள்.

உங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு பழைய சர்வரை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். டிஸ்குகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பெட்டியைக் கழிவென்று கணக்கில் எழுதும் முன், பக்கத்து ஐடிஐ முதல்வருக்கு ஒரு போன் போட்டு, வேண்டுமா என்று கேளுங்கள்.